இடஞ்சார் மரபணுத்தொகையியல்: சொல்லும் பொருளும்

புற்றுநோயின் பரிணாமத்தை ஆராயும் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ‘ஸ்பேஷியல் ஜீனோமிக்ஸ்’ என்ற தொடர் இப்போது அடிக்கடி இடம்பெறுகிறது. ஓர் உயிரணுவின் டி.என்.ஏ.வில் என்னென்ன மாற்றங்கள் உள்ளன என்பதை, அந்த உயிரணு திசுவில் எந்த இடத்தில் இருந்தது என்பதோடு சேர்த்தே அறியும் துறை இது. இதற்கு ‘இடஞ்சார் மரபணுத்தொகையியல்’ என்பதே பொருத்தமான தமிழ் என்று கருதுகிறேன்.

பின்னிருக்கும் சொல்லை முதலில் பார்ப்போம். மரபணுவைக் குறிக்கும் ‘ஜீன்’ என்ற சொல்லை 1909இல் டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சன் வழங்கினார். பிறப்பு, இனம் என்னும் பொருள்களைத் தரும் கிரேக்க வேரிலிருந்து வந்தது அது. 1920இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர் அச்சொல்லோடு குரோமோசோம் என்பதன் இறுதியை ஒட்டி ‘ஜீனோம்’ என்றார். குரோமோசோம் என்றால் கிரேக்கத்தில் நிறமேறும் உடல் என்றுதான் பொருள். தமிழில் நாம் சொல்லும் ‘நிறப்புரி’யோ, முறுக்கிய கயிற்றுப் புரியின் வடிவத்தையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது. ஜீனோமை ஆராயும் துறைக்கு ‘ஜீனோமிக்ஸ்’ என்று 1986இல் பெயர் சூட்டியவர் அமெரிக்க மரபியலாளர் தாமஸ் ராடெரிக். ‘மரபணுத்தொகை’ என்ற தமிழ்ச் சொல்லில் ஒரு சிறு குறை உண்டு. மனித ஜீனோமில் உள்ள ஏறத்தாழ 300 கோடி டி.என்.ஏ. எழுத்துகளில் புரதங்களுக்கான குறிப்புகள் 2 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. எனவே அது மரபணுக்களின் தொகை மட்டுமன்று. ஆயினும் வழக்கில் ஊன்றிவிட்ட அச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

தொடரின் உயிர் ‘இடஞ்சார்’ என்பதில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் வேரான இலத்தீனின் ‘ஸ்பாட்டியம்’ வெளி, பரப்பு, இடைவெளி ஆகிய எல்லாவற்றையும் குறிக்கும். ஆனால் தமிழில் ‘வெளி’ என்றவுடன் திறந்த வெற்றிடம் நினைவுக்கு வருகிறது. திசுவிலோ ஒவ்வோர் உயிரணுவும் அண்டை உயிரணுக்களோடு நெருங்கி நிற்கிறது. ஒரு பொருள் எங்கே, எவற்றுக்கு நடுவே இருக்கிறது என்று சொல்ல நமக்குள்ள சொல் இடம்தான். நீண்டகாலமாகக் கட்டியிலிருந்து எடுத்த துண்டை அரைத்து, இலட்சக்கணக்கான உயிரணுக்களின் டி.என்.ஏ.வை ஒன்றாகக் கலந்துதான் படித்துவந்தார்கள். எந்த மாற்றம் கட்டியின் விளிம்பிலிருந்து வந்தது, எது நடுவிலிருந்து வந்தது என்பது அந்தக் கலவையில் அழிந்துபோயிற்று. புதிய முறையில் உறையவைத்த திசுவை ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் தடிமனில், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, சீவிக் கண்ணாடிச் சில்லின்மேல் படியவிடுகிறார்கள். சாயமிட்டதும் உட்கருக்கள் ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். அந்தச் சில்லில் முன்கூட்டியே வரிசையாகப் பதித்த புள்ளிகள் ஒவ்வொன்றிலும் தனித்தனிக் குறியீடு கொண்ட டி.என்.ஏ. இழைகள் இருக்கும், மேலே கிடக்கும் உயிரணுவிலிருந்து வெளிவரும் மூலக்கூறில் அந்தக் குறியீடு முகவரிபோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் கலந்து படித்தாலும் முகவரி அழிவதில்லை. 2016இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் இம்முறையை, மரபணு செயல்படும்போது அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வுக்காக வெளியிட்டபோது புள்ளியின் விட்டம் 100 மைக்ரோமீட்டராக இருந்தது.

இத்துறையில் எழுதுவோர் மிகவும் கவனிக்க வேண்டிய மற்றொரு சொல் ‘குளோன்’. இதை நகல், நகலி என்றே பெயர்த்துவருகிறோம். கிரேக்கத்தில் இதன் வேர்ச்சொல்லுக்குச் சிறுகிளை என்பது பொருள்; ஒட்டுக்கட்டியும் கிழங்கு நட்டும் பெருக்கிய செடிகளின் கூட்டத்துக்கு 1903இல் அமெரிக்கத் தாவர ஆய்வாளர் ஹெர்பர்ட் வெப்பர் இச்சொல்லை ஆண்டார். புற்றுநோயில் ஒரே உயிரணுவிலிருந்து தோன்றிய கூட்டம் புதுப்புது மரபணு மாற்றங்களைப் பெற்றுப் பிரிந்துகொண்டே போகிறது என்பதை 1976இல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவெல் முன்வைத்தார். இங்கே நகல் என்றால் பொருள் கெடும். பிரிந்தவை ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதுதானே செய்தி. ‘கிளை’ என்ற நம் சொல்லுக்கு மரத்தின் கொம்பு என்றும் சுற்றம் என்றும் இரு பொருள்கள் உண்டு, உறவினரைக் கிளைஞர் என்கிறோம். ஒரே மூதாதையின் வழிவந்து வேறுவேறாய்ப் பிரிந்த உயிரணுக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்குள் பிரியும் கூட்டத்தை உட்கிளை எனலாம். 2012இல் இலண்டன் ஆய்வாளர்கள் சிறுநீரகப் புற்றுக்கட்டிகளின் பல பகுதிகளைத் தனித்தனியே படித்தபோது, மரபணு மாற்றங்களில் 63 முதல் 69 விழுக்காடு வரை எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக இருக்கவில்லை, சிலவற்றில் மட்டுமே காணப்பட்டன. ஒரே கட்டிக்குள் இத்தனை கிளைகள் இருக்கும்போது, ஓரிடத்தில் ஊசியால் எடுத்த துணுக்கு முழுக் கட்டிக்கும் சாட்சியாக முடியாது.

பரிணாமம் என்பதற்குப் ‘படிமலர்ச்சி’ என்ற அழகிய தமிழாக்கம் இருக்கிறது. அதைப் பிற இடங்களில் நானும் ஆள்கிறேன், இங்கே தவிர்க்கிறேன். மலர்ச்சி என்றால் மேம்பாடு என்ற எண்ணம் வந்துவிடும், புற்றுநோயில் நடப்பது மாற்றமும் தெரிவும் மட்டுமே. ‘பரிணாமம்’ என்ற வடசொல் மாற்றம் என்பதோடு நின்றுவிடுகிறது.

இறுதியாக ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். இடஞ்சார் மரபணுத்தொகையியல் என்ற பெயரில் வரும் ஆய்வுகளில் பல, டி.என்.ஏ.வை நேரடியாகப் படிப்பதில்லை. நிறப்புரியின் ஒரு துண்டு கூடுதல் படிகளாகப் பெருகியிருந்தால் அதிலுள்ள அடுத்தடுத்த மரபணுக்கள் பலவற்றின் ஆர்.என்.ஏ. அளவும் பெரும்பாலும் சேர்ந்தே உயரும். அந்த உயர்விலிருந்து படிகளின் எண்ணிக்கையைக் கணிக்கிறார்கள். 2022இல் வெளியான, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் பற்றிய ஆய்வு, நுண்ணோக்கியில் இயல்பாகத் தெரிந்த திசுவிலும் இத்தகைய படி மாற்றங்கள் இருப்பதை இவ்வழியில்தான் காட்டியது. வலுவான முறைதான், எனினும் அது கணிப்பு. டி.என்.ஏ.வையே இடக்குறியோடு படித்த ஆய்வேட்டுக்கு இடஞ்சார் மரபணுத்தொகையியல் என்றும், ஆர்.என்.ஏ. வழியாகச் சென்றதற்கு இடஞ்சார் ஆர்.என்.ஏ. தொகையியல் என்றும் தலைப்பிட்டால், அதிலுள்ள கிளைகள் நேரே படிக்கப்பட்டவையா, கணித்துப் பெறப்பட்டவையா என்பது வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.