இன்ஜின் உள்ள உக்காந்துடும், வேலையே அதுக்கப்புறம் தான்

மாமாவோட பழைய அம்பாசடர்ல வேற இன்ஜின் மாத்திப் போட்டு, புதுச்சேரி வில்லியனூர்ல அவர் வீட்டு வாசல்ல சாவிய திருப்புனதும் டேஷ்போர்டுக்கு அடியிலேர்ந்து குபுகுபுன்னு புகை, பிளாஸ்டிக் கருகுற நாத்தம். பேட்டரி பக்கம் ஓடுனேன், அங்க ஒண்ணுமில்ல. எரிஞ்சது சோக் கேபிள், இன்ஜின் குளுந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ண இழுப்போமே, அது. அது வெறும் இழுக்குற கம்பி தானே, அதுல எங்கேர்ந்து கரண்ட் வந்துச்சு?

பழைய கார்ல பாடி தான் பேட்டரியோட பாதி ஒயர். ஸ்டார்டர் மோட்டார் சுத்தும்போது 150 ஆம்பியர் கூட இழுக்கும், அவ்வளவும் இன்ஜின் பிளாக் வழியா பாடிக்கு வந்து பேட்டரிக்கு திரும்பிப் போகணும். ஆனா இன்ஜின் உக்காந்திருக்கறது ரப்பர் மவுண்டிங் மேல, ரப்பர்ல கரண்ட் போகாது. அதுக்குத்தான் பிளாக்லேர்ந்து பாடிக்கு ஒரு தடி எர்த் ஒயர் குடுத்திருப்பாங்க. அத மாட்ட நான் மறந்துட்டேன். கரண்ட் சும்மா இருக்குமா, இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கிட்டு இருக்குற இரும்பு எதுன்னு தேடி சோக் கேபிள் வழியா போயிடுச்சு. மெல்லிசு கம்பி, ரெண்டே செகண்ட்ல சூடாகி மேலுறை உருகிடுச்சு. எர்த் ஒயர போல்ட் போட்டு இறுக்குனதும் அடுத்த செல்ஃப்லயே வண்டி ஸ்டார்ட்.

வண்டி 78 மாடல் அம்பாசடர் மார்க் 3. அதுல வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் இங்கிலாந்துல மோரிஸ் காருக்குப் போட்ட பழைய டிசைன். மாமாவோடது பெட்ரோலுக்கு சமமா ஆயில் குடிக்க ஆரம்பிச்சதால இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் ஒண்ணு பாத்து வச்சிருந்தோம். 90கள்ல கம்பெனியே அம்பாசடர்ல போட்டு வித்த இன்ஜின் தான், அதனால பானட்டுக்குள்ள இடம் பத்துமாங்கற கவலை இல்ல.

கவலை மாமா தான். அவருக்கு ஸ்டீயரிங் பக்கத்துல இருக்குற கை கியர் வேணும். "தரையில கியர் வச்சா முன்னாடி மூணு பேரு எப்படி மாப்ள உக்கார்றது?" சரி, பழைய கியர் பாக்ஸ வச்சுக்கிட்டு, புது இன்ஜினுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டையும் சேக்குற ஒரு அடாப்டர் தகடு போட்டுடலாம்னு கடலூர் ஓடில (பழைய டவுன்) ஒரு லேத் பட்டறைக்குப் போனோம்.

இங்க தான் இன்ஜின் மாத்தறதோட உயிரே இருக்கு. கியர் பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள்ள நுழைஞ்சு, அதோட மூக்கு கிராங்க் ஷாஃப்ட் (இன்ஜினோட சுத்தற தண்டு) முனையில இருக்குற சின்ன புஷ்ல, அதாவது ஒரு உலோக வளையத்துல போய் உக்காரும். ரெண்டு தண்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். கோடு தப்புனா ஒவ்வொரு சுத்துக்கும் கிளட்ச் பிளேட் நடுவுல மடங்கி மடங்கி வளையும், புஷ் தேயும், ஃபர்ஸ்ட் கியர்ல எடுக்கும்போது வண்டி உதறும், ஒரு கட்டத்துல பிளேட்டோட நடுப்பகுதியே பிச்சுக்கிட்டு வரும். வெளியிலேர்ந்து பாத்தா போல்ட் எல்லாம் அழகா உக்காந்திருக்கும், ஒண்ணும் தெரியாது.

கண்டுபிடிக்க டயல் கேஜ் வேணும். கிராங்க் முனையில இருக்குற பிளைவீல்ல காந்த ஸ்டாண்ட ஒட்டி, கேஜோட நுனி பெல் ஹவுசிங் (கிளட்ச மூடுற கூடு) நடு ஓட்டையோட உள் விளிம்பத் தொடுற மாதிரி வச்சு, கிராங்க கையால மெதுவா ஒரு முழு சுத்து சுத்தணும். கேஜ் முள்ளு மொத்தமா 5 தௌக்குள்ள (ஒரு தௌன்னா ஒரு இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ஆடுனா நிம்மதி. எங்களுது 20 தௌ ஆடுச்சு, அதாவது அரை மில்லிமீட்டர், அதுல பாதி அளவு சென்டர் தள்ளியிருக்குன்னு அர்த்தம். லேத் அண்ணன் சிரிச்சாரு. "ஒரு நூலு 125 தௌ தம்பி, நீ இன்னா இதுக்குப் போயி பயந்துகினு இருக்க?" மரவேலைக்கு நூல் கணக்கு சரி, நிமிஷத்துக்கு 4000 சுத்து சுத்தற தண்டுக்கு ஆகாது. தகட்ட ஓரமா வச்சுட்டு இசுசுவோட வந்த 5 கியர் பாக்ஸையே போட்டோம். மாமா ரெண்டு நாள் பேசல.

அஞ்சாவது கியரோட லாபம் கணக்குப் போட்டா தான் புரியும். டிஃப்ரன்ஷியல் 4.55, அதாவது கியர் பாக்ஸ்லேர்ந்து வர்ற தண்டு 4.55 சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து, டயர் ஒரு சுத்துக்கு சுமார் 2.1 மீட்டர். பழைய டாப் கியர்ல (இன்ஜின் ஒரு சுத்துக்கு அந்த தண்டும் ஒரு சுத்து) இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துனா வண்டி 83 கிலோமீட்டர் வேகம். அஞ்சாவது கியர் 0.85னு வச்சுக்குங்க, அதாவது இன்ஜின் 0.85 சுத்துக்கே தண்டு ஒரு சுத்து, அதே 3000ல 98. சத்தம் அதே தான், வேகம் மட்டும் கூட.

ஆனா புது பாக்ஸோட நீளம் வேற, அதனால புரொப்பெல்லர் ஷாஃப்ட்ட (கியர் பாக்ஸ்லேர்ந்து பின் சக்கரத்துக்குப் போற அந்த நீள தண்டு) வெட்டி ஒட்டி பேலன்ஸ் பண்ண வேண்டியதாச்சு. பேலன்ஸ் பண்ணியும் கிருமாம்பாக்கம் தாண்டி 60ஐத் தொட்டா போதும், சீட்டுக்கு அடியில ஒரு கொறகொறப்பு. நான் ஷாஃப்ட்ட தான் திட்டுனேன், தப்பு அதுமேல இல்ல. ஷாஃப்ட்டோட ரெண்டு பக்கமும் இருக்குற யூனிவர்சல் ஜாயிண்ட் (மடங்கி சுத்தற இணைப்பு) ஒரு கோணத்துல சுத்தும்போது சீரா சுத்தாது, ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவ கொஞ்சம் வேகமாவும் ரெண்டு தடவ கொஞ்சம் மெதுவாவும் போகும். 10 டிகிரி சாய்வுக்கு ஒன்றரை சதவீதம் ஏறி இறங்கும். முன் ஜாயிண்ட் பண்ற குளறுபடிய பின் ஜாயிண்ட் அப்படியே திருப்பிப் பண்ணி சரிக்கட்டணும், அதுக்கு ரெண்டு கோணமும் சமமா இருக்கணும், ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் இருக்குற முள்கரண்டி மாதிரி கவை ஒரே வாக்குல நிக்கணும். (கழட்டறதுக்கு முன்னாடி சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்குங்க, ஒரு பல்லு மாறுனாலும் இதே கொறகொறப்பு தான்.) செல்போன்ல லெவல் ஆப் வச்சு அளந்தா கியர் பாக்ஸ் வால் பக்கம் மூணு டிகிரி கூடுதலா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மவுண்டிங்ல தடியா பட்டை வச்சு தூக்குனோம், கொறகொறப்பு போயே போச்சு.

ரேடியேட்டர்ல பெருசா கை வைக்கல, உள்ள க்ளீன் பண்ணி புது மூடி போட்டதோட சரி. இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வ பிடுங்கி எறியச் சொல்ற மெக்கானிக் பேச்ச மட்டும் கேக்காதீங்க. அது இல்லன்னா இன்ஜின் சூடேறவே நேரமாகும், சூடேறாத இன்ஜின்ல ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்குற ஆயில கழுவிவிட்டுடும், பிஸ்டன் ரிங் சீக்கிரம் தேயும். போர் தண்ணியும் ஊத்தாதீங்க, கடலோர ஊர்ல அதுல இருக்குற உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ள பாறையா படியும். இன்ஜின் நம்பர் ஆர்சில இருக்கறதால மாத்தறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஒப்புதல் வாங்கிடுங்க, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு அதத்தான் சொல்லுது.

பாக்கி இருக்கறது ஸ்பீடாமீட்டர். மீட்டர் கேபிள் கியர் பாக்ஸ் வால்லேர்ந்து வருது, உள்ள இருக்குற சின்ன பல்சக்கரத்தோட கணக்கு புது பாக்ஸ்ல வேற, டேஷ்போர்டு மீட்டரோ பழசு. போன் ஜிபிஎஸ் 60 காட்டும்போது மீட்டர் 75 காட்டுது. சரி பண்ணித் தரேன்னேன், மாமா மீட்டரத் தொட விடல. ரெட்டிச்சாவடி தாண்டும்போதெல்லாம் "பாத்தியா மாப்ள, எம்பதுல போறோம், ஒரு ஆட்டம் இருக்கா?"ங்கறாரு, பின்னாடி டவுன் பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது.