கியாரண்டியா, வாரண்டியா?

மிக்ஸி வாங்கப் போன கடையில் அம்மா விலையைக் கேட்கவில்லை. "இதற்கு கியாரண்டியா, வாரண்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"வாரண்டிதான் அம்மா. மோட்டாருக்கு ஐந்து வருடம், மற்றதற்கு இரண்டு."

அம்மாவின் முகம் சுருங்கியது. "அப்படியென்றால் கெட்டுப்போனால் மாற்றித் தர மாட்டீர்கள். ரிப்பேர்தான் செய்து தருவீர்கள்."

அம்மா ஆங்கிலம் படித்தவர் அல்ல. ஆனால் கியாரண்டி என்றால் புதிதாக மாற்றித் தருவது, வாரண்டி என்றால் பழுது பார்த்துத் தருவது என்கிற கடைத்தெரு இலக்கணம் அவருக்கு அத்துப்படி. வீட்டுக்கு வந்து ஆங்கில அகராதியைப் புரட்டினேன். இப்படியொரு பிரிவினையே அதில் இல்லை. அதைவிட வேடிக்கை, இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த சொற்கள்.

கதை பிரான்சில் தொடங்குகிறது. ரோமப் பேரரசு சரிந்த பிறகு அந்த மண்ணை ஆள வந்த ஃபிராங்க் மக்கள் ஜெர்மானிய மொழி பேசியவர்கள். பிணை நிற்பது, பொறுப்பேற்பது என்ற பொருளில் அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. அதன் முதல் ஒலி, உதட்டைக் குவித்துச் சொல்லும் 'வ'. உள்ளூரில் லத்தீன் வழிப் பேச்சுப் பேசியவர்களிடம் அந்த ஒலி எப்போதோ மறைந்து, பல் உதட்டில் படும் 'வ' ஆகியிருந்தது. வந்தவர்களின் 'வ'வைப் பிடிக்க அவர்கள் முன்னால் ஒரு 'க'வை முட்டுக் கொடுத்து 'க்வ' என்றார்கள். நாளடைவில் 'வ' உதிர்ந்து 'க' மட்டும் நின்றது. நார்மண்டி உள்ளிட்ட வட பகுதியில் மட்டும் 'வ' அசையவில்லை.

1066இல் இங்கிலாந்தைப் பிடித்தவர் நார்மண்டியின் பிரபு. அவர் பெயரே இதற்குச் சாட்சி: ஆங்கிலத்தில் வில்லியம், பிரெஞ்சில் கியோம். அவருடைய ஆட்களோடு 'வ' போட்ட சொற்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. பின்னர் பாரிஸ் பேச்சுக்கு மவுசு கூடியபோது, அதே சொற்கள் 'க' வேடத்தில் மறுபடியும் வந்து இறங்கின. வாரண்டி முதலில் வந்தது. கியாரண்டி 17ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. நீதிமன்றம் பிறப்பிக்கும் பிடிவாரண்ட்கூட இந்த வீட்டுப் பிள்ளைதான்.

விடுதியில் பிள்ளையைச் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் கார்டியன் கையெழுத்திடுகிறார், வார்டன் வாங்கி வைக்கிறார். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பது ஒரே சொல். போரைக் குறிக்கும் 'வார்' நார்மண்டி வழியாக வந்தது. அதன் உறவான கெரில்லா, ஸ்பெயினில் சிறு போர் என்ற பொருளோடு பிறந்து, பிற்பாடு போர்முறைக்கும் போராளிக்கும் பெயரானது.

ஜவுளிக்கடையிலும் இப்படி ஓர் இரட்டை தொங்குகிறது. ஷர்ட், ஸ்கர்ட் இரண்டுக்கும் மூலம் 'குட்டை' என்ற பொருள் கொண்ட ஒரே ஜெர்மானிய வேர். அந்த வேரின் 'ஸ்க்' ஒலி ஆங்கிலத்தில் 'ஷ' ஆகிவிட்டது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகளின் மொழியில் அப்படியே இருந்தது. அவர்கள் இங்கிலாந்தில் குடியேறியதும் இரண்டு வடிவங்களும் ஒரே ஊரில் நடமாடின. வைக்கிங் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சட்டை என்றுதான் பொருள். ஐஸ்லாந்தில் இன்றும் அது சட்டைதான். ஆனால் இங்கிலாந்தில் மேலுடையின் இடத்தை ஷர்ட் பிடித்துவைத்திருந்தது. வந்த சொல் இடுப்புக்குக் கீழே இறங்கியது.

இந்த இறங்குதல்தான் விஷயமே. ஒரே வேலைக்கு இரண்டு சொற்கள் வந்து சேர்ந்தால், ஒன்று வழக்கொழியும். இல்லையென்றால் பேசுகிறவர்கள் பாகம் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரெயால் 1897இல் வெளிவந்த தம் நூலில் இதற்குப் பங்கீட்டு விதி என்றே பெயர் வைத்தார். தமிழும் விலக்கல்ல. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான். இன்று மணத்துக்கு ஒரு பக்கம், நாற்றத்துக்கு மறுபக்கம் என்று சுவர் எழுப்பிவிட்டோம். பூக்கடையில் போய் "நல்ல நாற்றம்" என்று சொல்லிப் பாருங்கள்.

பாகம் பிரிக்கும் இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தில் வருவதல்ல. எல்லன் மார்க்மன், க்வின் வாக்டெல் என்ற இரு உளவியலாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. குழந்தைக்கு முன்னால் இரண்டு பொருள்களை வைக்க வேண்டும். ஒன்று அது நன்கு அறிந்தது, கிண்ணம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று அது பார்த்தேயிராத ஏதோ ஒரு கருவி. பிறகு எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லைச் சொல்லி, "அதை எடு" என்று கேட்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் அந்தக் கருவியைத்தான் எடுக்கின்றன. கிண்ணத்துக்குத்தான் பெயர் இருக்கிறதே, அதற்கு எதற்கு இன்னொன்று என்பது அவற்றின் கணக்கு. கடையில் அம்மா போட்டதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்: இரண்டு சொற்கள் புழங்குகின்றன என்றால் இரண்டு பொருள்கள் இருந்தாக வேண்டும்.

சரி, யாருக்கு எந்தப் பாகம்? அதை வேர் முடிவு செய்வதில்லை, சேர்மானம் முடிவு செய்கிறது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறியலாம் என்று 1957இல் எழுதினார் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த். (லண்டன் பேராசிரியராகப் பெயர் பெறுவதற்கு முன்பு லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர்.) நம் ஊரில் வாரண்டியின் கூட்டாளிகள் வருடமும் சர்வீஸ் சென்டரும். கியாரண்டியோ "கியாரண்டியாகச் சொல்கிறேன், இவன் பாஸ் ஆகிவிடுவான்" என்று வாக்குக் கொடுக்கும் இடத்தில் நிற்கிறது. வாரண்டியாகச் சொல்கிறேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. தயக்கமில்லாத வாக்கு கியாரண்டியின் பக்கம் சேர்ந்துவிட்டதால், புதிதாக மாற்றித் தரும் பெருந்தன்மையும் அதற்கே போயிற்று என்பது என் ஊகம்.

இதே இரட்டையரை பிரிட்டனில் வேறு கோட்டில் பிரித்திருக்கிறார்கள். அங்கே தயாரிப்பாளர் இலவசமாகத் தரும் உறுதிமொழி பொதுவாக கியாரண்டி. பணம் கட்டி வாங்கும் காப்பீடு போன்ற ஒப்பந்தம் பெரும்பாலும் வாரண்டி. மாற்றித் தருவதா, பழுது பார்ப்பதா என்பது அங்கே கேள்வியே இல்லை.

இந்தியச் சட்டமோ இரண்டையும் சேராத இடத்தில் வைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி கியாரண்டிக்கு மூன்று பேர் வேண்டும்: கடன் கொடுத்தவர், வாங்கியவர், அவர் தவறினால் நான் பொறுப்பு என்று ஜாமீன் நிற்பவர். அந்தக் கணக்கில் மிக்ஸிக்கு கியாரண்டி என்பதே பொருந்தாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் வாரண்டி என்பது துணை உறுதிமொழி. அதை மீறினால் இழப்பீடு கேட்கலாம். அதைக் காரணம் காட்டிப் பொருளையே வேண்டாம் என்று தள்ள முடியாது. அம்மாவின் முகம் சுருங்கியதற்குச் சட்டத்திலேயே நியாயம் இருந்திருக்கிறது.

மிக்ஸியை எப்படியோ வாங்கிக்கொண்டுதான் வந்தோம். பெட்டியைப் பிரித்தபோது உள்ளே ஓர் அட்டை இருந்தது. அம்மா அதை என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கிறது, படி" என்றார். உள்ளே பொடி எழுத்தில் வாரண்டி நிபந்தனைகள். மேலே கொட்டை எழுத்தில் 'கியாரண்டி கார்டு'.

"அந்தத் தலைப்பு கிழியாமல் பத்திரமாக வை" என்றார் அம்மா.