லோசாப்: ‘ஊதியம்’ என்று சொல்லிவிடக் கூடாத ஒரு தொகை

அமெரிக்கச் சிற்றூர்த் தீயணைப்பு நிலையங்களில் ‘லோசாப்’ என்றொரு சொல் புழங்குகிறது. லெங்த் ஆஃப் சர்வீஸ் அவார்டு புரோகிராம் என்ற நீளமான பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சுருக்கம் அது. சம்பளம் வாங்காமல் தீயணைக்க ஓடுகிறவர்களுக்கு, ஆண்டுக்கணக்கில் விடாமல் வந்ததற்காக, பின்னாளில் ஊர் கொடுக்கும் தொகை என்பது பொருள். பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் 1736-இல் பிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கியது போலவே, இன்றும் பல ஊர்களில் தீயணைப்பு அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் வேலைதான். அந்நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தன்னார்வலர்கள்.

இந்தப் பெயருக்குத் தமிழ்ச் சொல் தேடும்போது முதலில் இடறுவது ‘அவார்டு’. அதை ‘விருது’ என்று பெயர்த்தால் பொன்னாடையும் கேடயமும் கண்முன் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அதன் வேர் வேறு. பழைய பிரெஞ்சில் ‘உற்றுப் பார்த்து ஆராய்தல்’ என்று பொருள்பட்ட வினைச்சொல்லிலிருந்து வந்து, நடுவர் ஆராய்ந்து சொல்லும் முடிவைக் குறித்தது. பரிசு என்ற பொருள் அதற்குப் பின்னால் ஏறியது. நம் ‘விருது’க்கோ கொடி, பட்டம், வெற்றிச் சின்னம் என்ற பழம்பொருள்கள் உண்டு. லோசாப்பில் கொடியும் இல்லை, மேடையும் இல்லை. இருப்பது ஒரு மதிப்பெண் தாள்.

நியூயார்க் மாநிலத்தில் அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று பார்த்தால் விளங்கும். அங்கே நகராட்சிப் பொதுச் சட்டத்தின் 11-ஏ பிரிவு இதை ஆள்கிறது. ஓராண்டு கணக்கில் ஏற 50 புள்ளிகள் வேண்டும். பயிற்சி வகுப்புகளுக்கு அதிகபட்சம் 25, ஒத்திகைகளுக்கு 20, கூட்டங்களுக்கு 20 என்று ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே கூட்டத்தில் மட்டும் போய் உட்கார்ந்து ஆண்டை ஓட்டிவிட முடியாது. அழைப்பு மணி அடித்ததும் ஓடியவர்களுக்கு, குறைந்தபட்ச எண்ணிக்கையை எட்டினால் 25. ஆண்டு முடிவில் ஒருவர் கையில் 48 இருந்தால்? ‘ஏறக்குறைய ஓராண்டு’ என்று எழுதிக்கொள்ள இடமில்லை, அந்த ஆண்டே கணக்கில் வராது. பட்டியலை 30 நாள் நிலையத்தில் ஒட்டிவைப்பார்கள், விடுபட்டவர் முறையிடலாம். கணக்கில் ஏறிய ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 20 டாலர் என்று ஓர் ஊர் முடிவு செய்திருந்து, ஒருவர் 30 ஆண்டு ஏற்றியிருந்தால், முதுமையில் மாதம் 600 டாலர். வரிப்பணம் என்பதால், திட்டம் தொடங்கும் முன்பே ஊர் வாக்காளர்களிடம் ஒப்புதல் வாங்கவேண்டும்.

நியூ ஜெர்சியிலும் வாக்கெடுப்பு உண்டு, ஆனால் வழி வேறு. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதி பெற்ற ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுக்கு 100 முதல் 1,150 டாலர் வரை ஊர் போட்டுவைக்கும் (விலைவாசிக்கேற்ப இந்த வரம்பு உயரும்). ஐந்தாண்டு நிறைந்தால் அந்தப் பணம் அவருக்கு உறுதி.

இதற்கெல்லாம் மேலே கூட்டரசின் வருமான வரிச் சட்டம், பிரிவு 457. அதன்படி இந்தத் தொகையைப் பெறுகிறவர் உண்மையான தன்னார்வலராக இருக்கவேண்டும். அதாவது கைச்செலவுக்கு ஈடு, நியாயமான சலுகைகள், பெயரளவான தொகை தவிர வேறெதுவும் வாங்கக்கூடாது. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், அவசர மருத்துவம் ஆகிய பணிகளே சேரும். ஓராண்டுச் சேவைக்குச் சேரும் தொகையின் வரம்பு 1996-இல் 3,000 டாலர். இருபதாண்டு அசையாமல் இருந்துவிட்டு, 2017 வரித் திருத்தத்தில்தான் 6,000 ஆனது.

சொல்லாக்கத்துக்கு இங்கேதான் பிடி கிடைக்கிறது. கொடுப்பது சம்பளம் ஆகிவிட்டால் வாங்குகிறவர் தன்னார்வலர் இல்லை, ஊழியர்; குறைந்தபட்சக் கூலி, கூடுதல் நேரக் கூலி என்று தொழிலாளர் சட்டம் முழுக்க உள்ளே வந்துவிடும். ‘அவார்டு’ என்ற சொல்லை அங்கே வைத்திருப்பது கூலி என்ற பேச்சே எழக்கூடாது என்பதால்தான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே ‘ஓய்வூதியம்’ என்று தமிழாக்குவது தவறு. பார்க்க அழகாகப் பொருந்தும், ஆனால் உள்ளே ‘ஊதியம்’ உட்கார்ந்திருக்கிறது. ‘மதிப்பூதியம்’ என்பதிலும் அதே சிக்கல். (குறளில் ஊதியம் என்றால் ஆதாயம், கூலி என்ற பொருளே இன்று அதில் ஓங்கி நிற்கிறது.) ‘பணிக்கொடை’ இன்னும் பக்கத்தில் வருகிறது, ஆனால் நமக்கு அது கிராஜுவிட்டி. பணி என்றதுமே நியமன ஆணையும் வருகைப் பதிவேடும் நினைவுக்கு வரும்.

பணியை எடுத்துவிட்டுத் தொண்டை வைக்கலாம். ‘தொண்டர்’ என்றால் தமிழ்நாட்டில் கட்சிக்காரர் என்பது உண்மைதான். ஆனால் ‘தொண்டு’க்கு அந்தக் கறை படியவில்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. ‘சர்வீஸ்’ என்பதன் லத்தீன் மூலம் அடிமையைக் குறிப்பது. தொண்டுக்கும் அடிமைத்தனம் என்ற பழம்பொருள் உண்டு. இரண்டு மொழியிலும் கட்டாயத்தில் பிறந்த சொல், மனமுவந்து செய்வதற்குப் பெயராகியிருக்கிறது.

என் பரிந்துரை ‘தொண்டுக்காலக் கொடை’. திட்டத்தைச் சொல்ல ‘தொண்டுக்காலக் கொடைத் திட்டம்’. கொடை என்றால் கொடுப்பவர் விருப்பம்தானே, 50 புள்ளி எடுத்தவருக்கு அது உரிமையல்லவா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் கிராஜுவிட்டியும் நன்றிப் பரிசு என்ற பொருளில் கிளம்பியதுதான். சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமையான பிறகும் ‘பணிக்கொடை’ என்றே சொல்கிறோம், யாரும் குழம்பவில்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்: “இந்த ஆண்டு இரண்டு புள்ளி குறைந்துவிட்டது, அவருடைய தொண்டுக்காலக் கொடையில் ஓராண்டு ஏறவில்லை.”