கட்டடத்தை இடிக்கலாமா? கம்பியைக் கேளுங்கள்

"எங்கள் கல்லூரியில் 1970களில் கட்டிய பிளாக்கை இடிக்கப் போகிறார்களாம். அதைவிட வயதான பழைய கட்டடம் மட்டும் இருக்குமாம். ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைப் பாருங்கள். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879-ல் கட்டி முடித்தது. செங்கல், சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல உறிஞ்சி, சூளைக்குப் போகும் முன் இருந்த சுண்ணாம்புக்கல்லாகவே திரும்பி இறுகுகிறது.

கிட்டத்தட்ட இதே வினைதான் கான்கிரீட்டுக்கு எமன். காரணம், உள்ளே இருக்கும் கம்பி. புதுக் கான்கிரீட்டின் பிஎச், அதாவது காரத்தைக் காட்டும் அளவு, சுமார் 13. அந்தக் காரத்தில் கம்பிமேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து துருவைத் தடுக்கிறது. கார்பன் டைஆக்சைடு புகப் புகக் காரம் குறையும். பிஎச் 9 அளவுக்கு இறங்கினால் படலம் நிற்காது. அப்புறம் ஈரம் பட்டால் துருதான். துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். அது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். தூணின் ஓரத்தைக் கொஞ்சம் உடைத்து, புது முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் தெளிக்கிறார்கள். ஆமாம், பிளஸ் டூ ஆய்வகத்தில் பார்த்த அதே திரவம். ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். நொடியில், காரம் மிச்சமிருந்த உட்புறம் ரோஜா நிறமானது. வெளி விளிம்பு மட்டும் ஒரு விரற்கடைக்குச் சாம்பலாகவே நின்றது. கம்பி அந்தச் சாம்பலுக்குள் இருந்தது.

ரோஜாவும் சாம்பலும் சந்திக்கும் அந்த எல்லை, காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உள்ளே நகர்கிறது. 10 மில்லிமீட்டருக்கு 15 ஆண்டு என்றால், 20-க்கு 60 ஆண்டு! கம்பியை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் படுக்கவிட்ட ஒரு நாள் அவசரம் 45 ஆண்டைத் தின்றுவிடுகிறது.

சரி, முடிவு எப்படி? எல்லை கம்பியைத் தொடவில்லை என்றால் ஒழுகலை அடைத்துப் பூச்சு பூசினால் போதும். அங்கங்கே துரு என்றால் கொத்தியெடுத்து, கம்பியைத் தேய்த்து, மறுபடி பூசலாம். தூண், உத்தரம் எங்கும் கம்பி இளைத்துப்போயிருந்தால் இடிப்பதே நல்லது. கடலோரத்தில் உப்பையும் தனியாகச் சோதிக்க வேண்டும். ரோஜா நிறம் இருக்கும்போதே உப்பு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும்.

வாஸ்து சரியில்லை என்று இடிப்பதை என்னால் ஏற்கவே முடியாது. புதுக் கட்டடத்துக்குக் கோடிகள் ஒதுக்குகிறவர்கள் மொட்டைமாடி ஒழுகலுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். உங்கள் பிளாக்கில் எத்தனை தூணில் தெளித்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள், அம்மா.