ஒரு ஹோஸ்ட் விழுந்தால் மீதி தாங்குமா?

சர்வர்களை விர்ச்சுவலைஸ் செய்யும்போது, அதாவது ஒரு நிஜ இயந்திரத்துக்குள் (ஹோஸ்ட்) பல மெய்நிகர் இயந்திரங்களை (விஎம்) ஓட்டும்போது, பெரும்பாலும் போடப்படுவது ஒரே கணக்குதான்: மொத்த ராம் இவ்வளவு, விஎம்கள் கேட்பது இவ்வளவு, இடம் இருக்கிறது. எல்லா ஹோஸ்ட்டும் ஓடும் நாளுக்கு இது சரி. 256 ஜிபி ராம் உள்ள 4 ஹோஸ்ட்கள் என்றால் மொத்தம் 1,024 ஜிபி. ஒன்றைக் கழித்து, 768 ஜிபிதான் கையில் இருப்பதாக நினைத்துத் திட்டமிடுங்கள். விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்கும் அதிலேயே பங்கு உண்டு. மொத்தத்தில் 80 சதவீதம் நிரப்பினால் 819 ஜிபி, 768-ஐத் தாண்டிவிடும். ஒரு ஹோஸ்ட் விழும் இரவில் சில விஎம்கள் எழாது, அல்லது எல்லாம் டிஸ்க்கில் ஸ்வாப் ஆகித் தவழும். பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடவும் ஒரு ஹோஸ்ட்டைக் காலி செய்தாக வேண்டுமே!

அடுத்தது விசிபியூ, அதாவது விஎம்முக்குக் கொடுக்கும் மெய்நிகர் கோர். அப்ளிகேஷன் மெதுவாக இருந்தால் "இன்னும் நாலு கோர் கொடு" என்பார்கள். பல சமயம் அதுவே நோயைக் கூட்டும். விசிபியூ கூடக் கூட, நிஜக் கோர் கிடைக்க விஎம்கள் வரிசையில் நிற்கும். அந்தக் காத்திருப்பைக் காட்டுவது சிபியூ ரெடி. விஎம்வேரின் விர்ச்சுவலைசேஷன் மென்பொருளான விஸ்பியரின் ரியல்டைம் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 20 விநாடி, அதாவது 20,000 மில்லிவிநாடி. 4 விசிபியூ விஎம் ஒன்றில் மொத்தம் 4,000 என்று காட்டினால் 20 சதவீதம். நாலால் வகுத்தால் விசிபியூவுக்கு 5. அங்கேயே விழித்துக்கொள்ளுங்கள். 10-ஐத் தொட்டால் பயனர்களே போன் செய்துவிடுவார்கள். முதல் மருந்து, சும்மா இருக்கும் விஎம்களின் விசிபியூவைக் குறைப்பது.

விஎம்மின் ஒரு நொடி நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. எடுத்த நொடியிலிருந்து மூல டிஸ்க் உறைந்துவிடும். புது எழுத்தெல்லாம் டெல்டா ஃபைலுக்குப் போகும். டேட்டாபேஸ் சர்வரில் மறந்துவிட்ட டெல்டா, மூல டிஸ்க் அளவுக்கே வளர்ந்து, விஎம்களின் டிஸ்க்குகள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோரை நிரப்பி, அங்குள்ள மற்ற விஎம்களையும் நிறுத்திவிடலாம். 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது விஎம்வேரின் அறிவுரை. பேக்கப் மென்பொருள் விட்டுச்செல்லும் அநாதை டெல்டாக்கள் ஸ்னாப்ஷாட் மேனேஜரில் தெரியாமலும் போகலாம். டேட்டாஸ்டோரையே திறந்து பாருங்கள்.

பயனர்களின் லாகினைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் விஎம்கள் இரண்டும் ஒரே ஹோஸ்ட்டில் உட்காராதபடி ஆன்டி அஃபினிட்டி விதி போடுங்கள். மொத்த மின்சாரமும் போய்த் திரும்பும்போது பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், பெரும்பாலும் அந்த விஎம்களிலேயே ஓடுவதால், உடனே எழுந்திருக்காது, பெயர் வைத்து எதையும் பிடிக்க முடியாது. ஹோஸ்ட்களின் ஐபி முகவரிகளும் விஎம்களை எழுப்பும் வரிசையும் தாளில் அச்சிட்டு இருக்கட்டும். ஃபைல் சர்வரில் வைத்தால் போதாதா என்றால், அதுவும் ஒரு விஎம்தானே.