இரும்பு ஊசி: எதைப் போடுவது, எவ்வளவு ஆகும்?

ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிவிட்டது, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர் ‘அயர்ன் ஏத்திக்கலாம்’ என்கிறார். மருந்துக் கடையில் விசாரித்தால் அயர்ன் சுக்ரோஸ் ஆம்பூல் ஒன்று சில நூறு ரூபாய்தான். எஃப்.சி.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் குப்பியோ ஆயிரங்களில் இருக்கிறது. இரண்டிலும் இருப்பது ஒரே இரும்பு. விலையும் பயன்பாடும் இவ்வளவு மாறுவதற்குக் காரணம், அந்த இரும்பைச் சுற்றியிருக்கும் சர்க்கரை உறை.

உறை எதற்கு? நம் ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் எந்த நேரமும் ஏறியிருப்பது சுமார் 3 மில்லிகிராம் இரும்புதான். அங்கே ஒரேயடியாக நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இரும்பைக் கொட்டினால் சுமக்க ஆளில்லாமல் அது தனியாகத் திரியும். செல்களை அரிக்கும் வேதிப்பொருள்களை உண்டாக்கும். அதனால்தான் இரும்பை நுண்ணிய துகளாக்கி, சர்க்கரை மூலக்கூறுகளால் போர்த்தி அனுப்புகிறார்கள். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் அந்தத் துகளை விழுங்கி, உறையை உரித்து, இரும்பைச் சேமித்துக்கொண்டு தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன.

அயர்ன் சுக்ரோஸின் உறை அவ்வளவு இறுக்கமானதல்ல. செல்கள் விழுங்குவதற்கு முன்பே சிறிதளவு இரும்பு கசியும். அதனால் வழக்கமாக ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், வாரத்துக்கு அதிகபட்சம் மூன்று தடவை என்று நிறுத்திக்கொள்கிறார்கள். எஃப்.சி.எம்., அதைப் போன்ற இன்னொரு இரும்பு ஊசியான ஃபெரிக் டெரிசோமால்டோஸ் ஆகியவற்றின் உறை கெட்டியானது. எடை இடம் கொடுத்தால் 1000 மில்லிகிராமைக்கூட ஒரே அமர்வில் ஏற்றிவிடலாம். எஃப்.சி.எம். என்றால் கால் மணி நேரம் போதும். (சுக்ரோஸ் என்ற பெயரைக் கேட்டுச் சர்க்கரை நோயாளிகள் பயப்பட வேண்டாம். நரம்பு வழியே போகும் சுக்ரோஸில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும்.)

இனி கணக்கு. மொத்தம் எவ்வளவு இரும்பு தேவை என்பதற்கு மருத்துவர்கள் கன்சோனி சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். உடல் எடை, ஹீமோகுளோபின் எவ்வளவு உயர வேண்டும், 2.4 ஆகிய மூன்றையும் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்ட வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 8-லிருந்து 13-க்கு உயர்த்த 600 + 500, ஆக 1100 மில்லிகிராம். சுக்ரோஸில் போட்டால் ஐந்தாறு தடவை வர வேண்டும். எஃப்.சி.எம். என்றால் ஒரு தடவையில் 1000 முடிந்துவிடும். மிச்சம் 100-க்காக இன்னொரு குப்பி உடைக்கத்தான் வேண்டுமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம், பெரும்பாலும் தேவைப்படாது.

ஆகவே ஆம்பூல் விலையோடு ஆம்பூல் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. 1000 மில்லிகிராம் உடம்புக்குள் போய்ச் சேர மொத்தம் என்ன செலவு என்று பாருங்கள். தனியார் மருத்துவமனையில் ஒவ்வொரு வருகைக்கும் ஊசிக் குழாய், சலைன், டிரிப் செட், படுக்கை, நர்சிங் கட்டணம் என்று பில் ஏறும். அதோடு பஸ் செலவு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி. இதையெல்லாம் ஐந்தால் பெருக்கினால் விலை குறைந்த மருந்து பல நேரம் அதிகச் செலவாகிவிடுகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள் என்றால் கணக்கு அப்படியே தலைகீழ். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு அயர்ன் சுக்ரோஸ் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் கழிந்த பிறகே போடுவார்கள். ஏழெட்டு மாதக் கர்ப்பிணிக்கு நேரம் குறைவு என்பதால் அங்கே எஃப்.சி.எம். கேட்டுப் பார்ப்பது நியாயம்.

இன்னொரு விஷயம்: இந்தியாவில் எஃப்.சி.எம். காப்புரிமை 2023 அக்டோபரில் முடிந்தது. இப்போது பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, இரண்டு மூன்று கடைகளிலும் மக்கள் மருந்தகத்திலும் விலை கேளுங்கள்.

எஃப்.சி.எம்.முக்கு ஒரு குறை உண்டு, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அது எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோனை உயர்த்தி, எலும்புக்குத் தேவையான பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றும். ஒரு தடவை போட்டுக்கொள்பவருக்குப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். திரும்பத் திரும்பப் போட்டால் எலும்பு வலி, எலும்பு மென்மையாதல் வரை போகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு சுக்ரோஸோ டெரிசோமால்டோஸோ நல்லது.

ஊசி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், முகம் சிவத்தல், முதுகு வலி வந்தால் உடனே நர்சிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் இறங்காமல், மூச்சிரைப்பு இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் அலர்ஜி அல்ல. நிறுத்திவிட்டு, சரியானதும் மெதுவாகத் தொடர்வார்கள். ஊசி போட்ட இடம் வீங்கினாலும் எரிந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். கரும்பழுப்பான அந்தத் திரவம் நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலில் மாதக்கணக்கில் கறை நிற்கும். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

இத்தனையும் ஊசி உண்மையிலேயே தேவைப்படுபவர்களுக்கு. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றால் முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஒரு நாள்வரை குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும் என்று சூரிச் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்புறம், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் காட்டும். இரும்புச் சேமிப்பு சரியாக இருந்தால் அவர்களுக்கு ஏற்றும் இரும்பு வீண், கெடுதலும்கூட.

ஊசிக்குப் பிறகு ஃபெரிட்டினை நான்கு வாரம் கழித்தே பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் எண் பொய்யாக எகிறியிருக்கும், பரிசோதனைக் காசும் போய்விடும்.