"கூகுள்ல இருந்து எடுத்தேன் சார்"

சென்ற வாரம் என் வெப் டிசைன் வாடிக்கையாளர் இன்னொருவருக்கும் பதிப்புரிமை நோட்டீஸ் மின்னஞ்சல் வந்துவிட்டது. சிறிய அளவில் கேட்டரிங் நடத்துபவர். அவருடைய தளத்தின் முகப்பில் இருந்த பிரியாணிப் படம் வெளிநாட்டுப் புகைப்பட நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமாம். அனுமதியில்லாமல் பயன்படுத்தியதற்குப் பணம் கட்டச் சொல்லி, ஸ்கிரீன்ஷாட், தேதி, பக்க முகவரி எல்லாவற்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். தளம் கட்ட அவர் செலவழித்ததைவிடப் பெரிய தொகை. போனில் அவர் முதலில் கேட்டது: "சார், அது கூகுள்ல இருந்து எடுத்ததுதானே?"

வெப் டிசைன் வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வி காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதாகத்தான் சொல்வார்கள். சரி, ஒருமுறை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கூகுள் படங்களை யாருக்கும் வழங்குவதில்லை. பிறருடைய தளங்களில் இருக்கும் படங்களைத் தேடிக் காட்டுகிறது, அவ்வளவுதான். தேடலில் ஒரு படத்தைத் தொட்டால், அதற்குப் பதிப்புரிமை இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். அதை ஒருவரும் படிப்பதில்லை. 2018-இல் 'படத்தைப் பார்' என்ற பட்டனையே கூகுள் எடுத்துவிட்டது. புகைப்படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்ட கையோடு நடந்த மாற்றம் அது. படம் இருக்கும் பக்கத்துக்கே போகாமல் மக்கள் நேரடியாக இறக்கிக்கொண்டதுதான் புகைப்படக்காரர்களின் பெரிய குறையாக இருந்தது.

இதைச் சொன்னதும் அடுத்த சமாதானம் வரும். "படத்துல காப்பிரைட் குறியே இல்லையே?" குறி தேவையில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி புகைப்படம் ஒரு கலைப்படைப்பு. எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து இன்னும் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். "கீழே அவங்க பேர் போட்டுட்டேனே?" பேர் போடுவது மரியாதை, அது அனுமதிக்கு ஈடாகாது. "கலர் மாத்தி, ஓரத்தை வெட்டிட்டேன்." வெட்டினாலும், திருப்பிப் போட்டாலும், மேலே எழுத்து வைத்தாலும் அது அவருடைய படம்தான். உருமாறிய பிரதிகளைக்கூடக் கண்டுபிடிக்கும் தேடல் கருவிகள் இன்று இருக்கின்றன. "வாட்டர்மார்க்கை அழிச்சுட்டேன்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். 2012 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையாளரைக் காட்டும் தகவலைத் தெரிந்தே நீக்குவது தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். சொந்த உபயோகம், விமர்சனம், செய்தி ஆகியவற்றுக்குச் சலுகைகள் உண்டு. கடை விளம்பரம் அதில் சேராது. நோட்டீஸ் வந்துவிட்டால் படத்தை எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அதேபோல், பயந்துபோய் உடனே பணம் கட்டவும் வேண்டாம், போலி நோட்டீஸ்களும் உலாவுகின்றன. அனுப்பியவர் யார், உரிமை உண்மையிலேயே அவருடையதா என்று ஒரு வக்கீலை வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. அவ்வளவு நன்றாகப் பிரியாணி சமைக்கும் மனிதர், தன் தேக்ஸாவைத் திறந்து ஒரு படம் எடுத்திருக்கலாமே? ஜன்னல் ஓரத்தில் வைத்து, பிளாஷை அணைத்துவிட்டுக் காலை வெளிச்சத்தில் எடுத்தால் மொபைலே போதும். இல்லையென்றால் உள்ளூர் ஸ்டூடியோக்காரரை அழையுங்கள். நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நம் சட்டப்படி நீங்களே முதல் உரிமையாளர். வாடிக்கையாளர் பார்க்க விரும்புவது உங்கள் பிரியாணியைத்தான்.

வெளியிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியம் இருக்கிறது. சில நிபந்தனைகளோடு உரிமையாளரே முன்கூட்டி அனுமதி தருவதுதான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அதில் 'பிஒய்' என்றிருந்தால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும். 'என்சி' என்றிருந்தால் வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் மாற்றம் செய்து வெளியிடக்கூடாது. அன்ஸ்ப்ளாஷ், பெக்ஸல்ஸ் போன்ற இலவசத் தளங்களும் உண்டு. ஆனால் படத்தில் இருக்கும் மனிதர் உங்கள் மருத்துவமனையையோ கடையையோ பரிந்துரைப்பதுபோல் போடாதீர்கள். அதற்கு அவர் சம்மதம் தரவில்லை. எங்கிருந்து எடுத்தாலும் பக்க முகவரி, உரிமம், இறக்கிய தேதி மூன்றையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் எழுதி வையுங்கள். தயவுசெய்து.

அடுத்தது, படத்தின் அளவு. மொபைலில் எடுத்த படம் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 பிக்ஸல் இருக்கும், 4 எம்பி வரை வரும். அதை அப்படியே ஏற்றிவிட்டு, பக்கத்தில் 400க்கு 300 என்று சின்னதாகக் காட்டச் சொல்வார்கள். கண்ணுக்குத்தான் சின்னது. பார்ப்பவரின் டேட்டாவில் இறங்குவது முழுப் படமும். 1 கோடியே 20 லட்சம் பிக்ஸல் இறங்கி, 1 லட்சத்து 20 ஆயிரம் பிக்ஸல் இடத்தில் உட்காருகிறது, அதாவது தேவையைப்போல் 100 மடங்கு. துல்லியமான மொபைல் திரைகளுக்காக 800 பிக்ஸல் அகலம் வைத்தாலே அந்த இடத்துக்குத் தாராளம். "டிபிஐயை 72 ஆக்கிட்டேன்" என்று சொல்லி அதே பெரிய படத்தை அனுப்புவார்கள். டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது, அச்சுக்கூடத்தின் கணக்கு. இணையப் பக்கத்தில் பிக்ஸல் எண்ணிக்கைதான் கணக்கு.

கோப்பு வடிவம் என்று பார்த்தால், புகைப்படத்துக்கு ஜேபெக் அல்லது வெப்பி, லோகோவுக்கு எஸ்விஜி அல்லது பிஎன்ஜி. ஸ்குவூஷ் என்ற இலவசத் தளத்தில் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தே சுருக்கலாம். மூலப்படத்தை மட்டும் தொடாமல் தனியே வையுங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் குறையும். கட்டத்துக்குள் பொருத்துவதற்காக இழுத்து நீட்டாதீர்கள், முகங்கள் பூசணியாகின்றன. ஓரத்தை வெட்டுங்கள். அப்புறம், படத்தின் அகல உயரத்தைப் பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் படம் வந்து விழும்போது எழுத்தெல்லாம் கீழே குதிக்கும், வாசகர் தொட நினைத்த பட்டன் வேறிடம் போயிருக்கும்.

படங்களை வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் நசுங்கித்தான் வரும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் படத்துக்குள்ளேயே இருக்கும், டாக்குமெண்டாக அனுப்பும்போது அதுவும் கூடவே வரும். வீட்டிலேயே டியூஷன் எடுப்பவர்கள், கேக் செய்து விற்பவர்கள் பிள்ளைகளோடு வீட்டில் எடுத்த படங்களைத் தருகிறார்கள். அந்த விவரத்தை நீக்கிய பிறகே தளத்தில் ஏற்ற வேண்டும். உங்கள் டிசைனரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, மாற்று உரை, நாங்கள் 'ஆல்ட்' என்று சொல்வது. படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் சொல்லும், படத்தோடு சேர்த்துக் கொடுக்கும் வரி அது. பார்வையற்றவர்கள் என்விடிஏ, டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் மூலம் பக்கத்தைக் கேட்கிறார்கள். மாற்று உரை இல்லாவிட்டால் "படம்" என்றோ, "ஐஎம்ஜி 2034" என்றோதான் அவர்களுக்குக் கேட்கும். 'வாழை இலையில் மட்டன் பிரியாணி, பக்கத்தில் தயிர்ப் பச்சடி' என்று ஒரு வரி போதும். கூகுள் தேடலில் முன்னால் வர வேண்டுமென்று அதிலேயே ஊர்ப்பெயரையும் 'சிறந்த மலிவான கேட்டரிங்' வகையறாவையும் திணிக்காதீர்கள். விலைப்பட்டியல், விழா அழைப்பு போன்றவற்றைப் போஸ்டர் படமாக மட்டும் ஏற்றாமல் அதே விவரத்தைக் கீழே யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்யுங்கள். திரைவாசிப்பான் அதைப் படிக்கும், தேடலிலும் கிடைக்கும். உங்கள் போன் எண்ணை இணைப்பாகக் கொடுத்துவிட்டால், மொபைலில் பார்ப்பவர் அதைத் தொட்டு அழைக்கவும் முடியும்.